தேயிலைத் தோட்டத்துப் பற்கள்

1970-இல் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை ஒரு பல் மருத்துவக் குழு சோதித்தது. பதின்பருவப் பையன்கள் முதல் முப்பதை ஒட்டிய வயதினர் வரை அதில் இருந்தார்கள். ஒரு காலத்தில் நம் ஊர்களிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழி வந்த தமிழர்கள். பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. பல் நோய்க்கான தடுப்போ சிகிச்சையோ அந்தத் தோட்டங்களை எட்டியிருக்கவில்லை. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் நார்வே நாட்டைச் சேர்ந்த ஈறு நோய் வல்லுநர் ஹரால்ட் லோ. அவருடைய குழு 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அதே வாய்களை அளந்தது.

எதிர்பார்த்தபடியே எல்லோர் பல்லிலும் அழுக்குப் படலமும் காரையும் கறையும் அப்பியிருந்தன. ஈறுகள் அநேகமாக எல்லாமே வீங்கிச் சிவந்திருந்தன. எதிர்பாராதது ஒன்றும் இருந்தது. அந்த வாய்களில் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

சொத்தை இல்லையே தவிர, பற்கள் விழுந்துகொண்டிருந்தன. அவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கியது. அந்தக் குழுவில் 35 வயதுக்குள் 12 பற்களும் 40-க்குள் 20 பற்களும் விழுந்திருந்தன, 45-இல் ஒன்றும் மிச்சமில்லை. 81 சதவீதம் பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. முப்பதுக்கு மேல் தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. மீதி 11 சதவீதம் பேர் அதிர்ஷ்டசாலிகள். வாழ்நாளில் பல் துலக்காமலும் அவர்களுக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நேரவில்லை. "எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்லை, எண்பது வயசுல கரும்பு கடிச்சாரு" என்று யாராவது சொன்னால் நம்பலாம். அந்தத் தாத்தா இந்தப் பதினொரு சதவீதத்தில் ஒருவர். பேரனும் அந்தக் கணக்கில்தான் சேருவான் என்பதற்குத்தான் உத்தரவாதம் கிடையாது.

இந்த ஆய்வை வாசிக்கும்போது ஒரு உறுத்தல் எழாமல் இல்லை. பதினைந்து ஆண்டுகள் ஒருவருடைய பற்கள் விழுவதை அளந்துகொண்டிருந்தவர்கள், ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்திருக்கலாமே? ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றொரு குழு ஆஸ்லோ நகரத்து மாணவர்களும் கல்வியாளர்களும். அந்த நகரத்தில் 1936 முதலே பள்ளிப் பருவத்தில் ஆண்டுதோறும் பல் பரிசோதனை உண்டு. நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரர்களின் பல்வேரிலிருந்து ஈறின் பிடிப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு நாலரை மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த மூன்று மில்லிமீட்டரில் வறுமையும் ஒரு பங்கு.

ஆனாலும் அந்த வாய்கள் கற்றுத்தந்தது பெரிய பாடம். சொத்தையும் ஈறு நோயும் ஒரே வாயில், ஒரே அழுக்கில் பிறக்கும் இரண்டு வேறு நோய்கள். ஒன்று இல்லாமலே மற்றொன்று முழு வேகத்தில் ஓடும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், கடையில் முப்பது வகை பேஸ்ட்டுக்கு முன்னால் நின்று குழம்ப வேண்டியிருக்காது.

முதலில் ஈறு. லோ இலங்கைக்கு வருவதற்கு முன்பே, 1965-இல், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு எளிய சோதனையைச் செய்து காட்டியிருந்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னார். ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. அதுவரை ஈறு நோய்க்குச் சத்துக் குறைவு, உடல்வாகு, வயது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் உட்கார்ந்திருக்கும் படலம்தான் முதல் குற்றவாளி என்பது அந்த 12 பேரால் தெளிவானது.

அந்தப் படலத்தில் இருப்பது சோற்றுப் பருக்கையோ மீன் முள்ளோ இல்லை. அது ஒரு குடியிருப்பு. ஹாலந்தின் லேவன்ஹுக் 1683-இல் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் பசையைச் சுரண்டி, தானே தேய்த்துச் செய்த லென்சில் வைத்துப் பார்த்து, உள்ளே உயிர்கள் துள்ளுவதாக லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதங்கள் பல் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் அதன் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டுகின்றன. கலைக்காமல் விட்டால் ஒன்றன் மேல் ஒன்றாகக் குடியேறி, தங்களைச் சுற்றிப் பசை போன்ற சுவரை எழுப்பிக்கொள்கின்றன. குளத்துப் படியில் பிடித்த பாசி மாதிரி: தண்ணீரை ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். முதல் சில நாட்களில் உருண்டை வடிவக் கிருமிகள் மிகுதி. ஓரிரு வாரம் போனதும் நூல் போன்றவையும் சுருள் வடிவக் கிருமிகளும் பெருகுகின்றன. ஈறு வீங்குவதும் அப்போதுதான்.

படலத்தைக் கண்டதும் உடல் தன் காவல் படையை அனுப்புகிறது. ரத்தம் அங்கே திரள்கிறது. பிரஷ் பட்டால் கசிகிறது. இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் காரியம்தான் கொடுமை. ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் வருவதே அங்கே துலக்கல் போதவில்லை என்பதற்கு அடையாளம். படலம் அப்படியே இருந்தால் எச்சிலின் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கல்லாகி, காரை ஆகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கும் போரில் உடலின் சொந்தப் படையே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடுகிறது. வலி கிடையாது. பல் ஆடும்போதுதான் தெரியவரும். ஈறு வீக்கம் திரும்பிவிடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை துலக்க வேண்டும்? லோவும் சகாக்களும் 1973-இல் பல் மருத்துவ மாணவர்களை வைத்து இதையும் பார்த்தார்கள். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை துலக்கினாலே, படலம் மொத்தமும் போகும்படி துலக்கினால், ஈறு ஆரோக்கியமாக இருந்தது. மூன்று நாள், நான்கு நாள் இடைவெளி விட்டவர்களுக்கு வீங்கியது. எண்ணிக்கையைவிட முழுமைதான் கணக்கு. அதற்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் துலக்கலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் பல் மருத்துவம் படிப்பவர்கள், ஒரு பல் விடாமல் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள். நாமோ முன்பல்லை மட்டும் நுரை பொங்கத் தேய்த்துவிட்டு, கீழ்ப்பல்லின் உள்பக்கத்தை மறந்தே போகிறவர்கள். காரை அதிகம் சேருவதும் அங்கேதான். எச்சில் சுரப்பியின் வாய் நாக்குக்கு அடியில் திறப்பதே காரணம்.

பிரஷ்ஷை ஈறுக்கோட்டை நோக்கிச் சற்றுச் சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிடம். இதற்கு மென்மையான பிரஷ் போதும். கடினமான பிரஷ்ஷால் ரம்பம் அறுப்பதுபோல் குறுக்கே இழுப்பவர்களின் பல் கழுத்தில் வெட்டுப் பள்ளம் விழுவதைப் பல் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் எந்த பிரஷ்ஷும் நுழையாது. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அந்த இடுக்கில்தான். அதற்கென்றே பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவமாகப் பல்லிடுக்கு பிரஷ் விற்கிறது. இடைவெளி உள்ளவர்களுக்கு அது நல்ல பொருள். நெருக்கமான பல்லுக்கு ஃப்ளாஸ் நூல். குண்டூசியும் ஹேர்பின்னும் இந்த வேலைக்கு உரியவை அல்ல. கல்யாணப் பந்தி முடிந்ததும் அவற்றைத் தேடும் கைகளைப் பார்த்தால் பதறுகிறது.

வேப்பங்குச்சி? மென்று நார் பிரித்து, பொறுமையாகத் தேய்த்தால் படலத்தைக் கலைக்கும், அதில் சந்தேகமில்லை. பல்லின் உள்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் குச்சியைக் கொண்டுபோவது கடினம் என்பதும், சொத்தையைத் தடுக்கத் தேவையான ஒரு பொருள் அதில் கிடையாது என்பதும்தான் குறை.

அந்தப் பொருளுக்கு வருமுன் சொத்தையைப் பார்த்துவிடலாம். பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். உயிரணு ஒன்றுகூட அதில் இல்லை. அதைக் கட்டிய அணுக்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு ஒடிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், எனாமல் போனால் போனதுதான். கல்லைப் போன்ற இந்த உறைக்கு ஒரே பலவீனம் அமிலம். வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாதுக்கள் கரைய ஆரம்பிக்கும்.

அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதை பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1890-இல் விளக்கினார். படலத்துக் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் அதை நேரக் கணக்கோடு அளந்தார். சர்க்கரைத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களில் படலத்தின் பி.எச். செங்குத்தாகச் சரிகிறது. பிறகு எச்சில் மெதுவாக அதைத் தூக்கிவிட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. பி.எச். ஏறியதும் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலுக்குள் திரும்பிப் போய் உட்காருகின்றன. கரைவதும் கட்டுவதுமாக நம் பல்லில் நாள் முழுக்க இந்தப் போக்குவரத்து நடக்கிறது. கரைவது ஓங்கினால் சொத்தை.

ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியக் கேள்வி. இதைக் காட்டிய ஆய்வு ஸ்வீடனில், லுண்ட் நகரத்து விபேஹோல்ம் விடுதியில், 1945 முதல் நடந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதி அது. ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை. மற்றொரு பிரிவினருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் பல்லில் ஒட்டும் டாஃபி, சிலருக்கு நாளொன்றுக்கு 24 வரை. சாப்பாட்டோடு சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை கொஞ்சமே கூடியது. இடையிடையே டாஃபி தின்றவர்களின் பற்கள் நாசமாயின. தங்கள் சம்மதத்தைச் சொல்ல முடியாதவர்களின் வாயைப் பலிகொடுத்துப் பெற்ற அறிவு இது. இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஸ்வீடனில் குழந்தைகளுக்கு மிட்டாயைச் சனிக்கிழமை மட்டும் கொடுக்கும் வழக்கம் பரவியதற்கு இந்த ஆய்வுதான் தூண்டுதல்.

நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழுந்ததும் காபி, பத்து மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும், மாலையில் இன்னொரு டீ, நடுவில் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் கேக், ராத்திரி ஒரு கப் பால். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்றாலும் பல் இரண்டரை மணி நேரம் அமிலத்தில் நிற்கிறது. சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பவரின் பல் இதைவிடப் பாக்கியம் செய்தது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாறிக்கொள்வதால் பல்லுக்கு எந்த லாபமும் இல்லை. கிருமிக்கு ஜாதி பேதம் கிடையாது. குழந்தையின் வாயில் பால் புட்டியை வைத்தபடி தூங்கவிடுவது எல்லாவற்றிலும் மோசம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது; அமிலத்தைக் கழுவ ஆளில்லை. பெரியவர்களும் காலையில் துலக்குவதைவிட ராத்திரி துலக்குவதைப் பெரிதாக நினைக்க வேண்டியது இதனால்தான். நம் நாட்டில் தலைகீழாக இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் சொத்தை ஏன் இல்லை என்பதற்கு உணவு, தண்ணீர் எனப் பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது, படலம் மட்டும் இருந்தால் போதாது, அடிக்கடி சர்க்கரையும் கிடைத்தால்தான் பல் குடையும் என்பதே.

இனி அந்தப் பொருள்: ஃபுளோரைடு. அதன் கதை 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொடங்குகிறது. அங்கே தொழில் நடத்த வந்த இளம் பல் மருத்துவர் ஃபிரடரிக் மெக்கே, ஊர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டு திகைத்தார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பது பிறகு தெரிந்தது. குடிநீரில் எதுவோ இருக்கிறது என்று முப்பது ஆண்டுகள் சந்தேகித்தார். 1931-இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் சர்ச்சில் அது ஃபுளோரைடு என்று கண்டுபிடித்தார். அளவு மிஞ்சினால் கறை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் போல இருந்தால் கறையும் இல்லாமல் சொத்தையும் குறைகிறது. ஃபுளோரைடு, கரைந்த தாதுக்கள் எனாமலுக்குத் திரும்புவதைத் துரிதப்படுத்துகிறது. அப்படிப் புதிதாகக் கட்டப்படும் படிகம் முன்னதைவிட அமிலத்தைத் தாங்கும்.

அளவு மிஞ்சுவதன் விலை நமக்கும் தெரியும். இந்தியாவில் குடிநீர் ஃபுளோரைடால் வரும் நோய் முதலில் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் வட்டாரத்தில், 1937-இல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் அந்தப் பழுப்புக் கறையை இன்றும் பார்க்கலாம். பாறையில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருவதுதான் காரணம். இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் செயலுக்கு வந்தது. அந்தக் கறையைத் தேய்த்துப் போக்க முடியாது. எனாமல் உருவாகும்போதே உள்ளே நேர்ந்த குறை அது. அத்தகைய ஊர்களில் சிறு குழந்தைக்கு எந்த பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது.

மற்றவர்களுக்கு, பேஸ்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அட்டையின் பின்பக்கம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டில் அது 1000 பிபிஎம்-க்கு மேல் போகக் கூடாது, அளவைக் குழாயிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. 1000-ஐ ஒட்டிய எண் இருந்தால் போதும். விலை ஐம்பதா இருநூறா என்பது பல்லுக்குத் தெரியாது. மூலிகை என்று பெரிய எழுத்தில் போட்ட பல பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே இருக்காது. வாசனை நன்றாக இருக்கும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்குவது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்காக. துலக்கி முடித்ததும் துப்பிவிட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் ஃபுளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கும். நமக்கு இது சிரமமான ஆலோசனைதான். வாயைப் பத்து முறை கொப்பளித்தால்தான் நமக்குத் திருப்தி.

கரி, செங்கல் தூள், உப்பு, சொரசொரப்பான பல்பொடி எல்லாம் ஒரே ரகம். மேற்கறையைச் சுரண்டி எடுத்து வெள்ளை காட்டும். எனாமல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஈறு இறங்கி வேர் தெரியும் இடத்தில் இருக்கும் டென்டின் மென்மையானது, தேய்ந்துவிடும். அதிலுள்ள நுண்குழாய்கள் திறந்துகொண்டால் ஐஸ் தண்ணீர் பட்டதும் பல் சுள்ளென்று கூசும். டென்டினுக்கு இயற்கையிலேயே மஞ்சள் நிறம். எனாமலைத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் கூடும். புகையிலை கலந்த பல்பொடியையும் பேஸ்ட்டையும் 1992-இல் அரசு தடைசெய்தது. வெற்றிலையோடு போடும் பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், வாய்ப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மவுத்வாஷ்களில் குளோர்ஹெக்சிடின் படலத்தைத் தடுக்கும் என்று 1970-இல் காட்டியவரும் நம் லோதான். ஆனால் அது பல்லைப் பழுப்பாக்கும், நாக்கின் ருசியைக் கெடுக்கும். மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும் அது. மற்ற மவுத்வாஷ்கள் பெரும்பாலும் வாய் மணக்கத்தான்.

"க்ளீனிங் பண்ணினா பல் ஆடும்" என்ற பேச்சு ஊர் ஊராக இருக்கிறது. காரையை எடுத்ததும் அது அடைத்திருந்த இடுக்கு வெளியே தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் பல் நீண்டதுபோல் இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரைதான் அக்கம்பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்திருந்தால், அது போனதும் ஆட்டம் தெரியும். ஆட்டத்தை உண்டாக்கியது அந்தக் காரை. பழி கருவியின் மேல் விழுகிறது. காரை ஏறிவிட்டால் எந்த பிரஷ்ஷாலும் எந்த பேஸ்ட்டாலும் அதை எடுக்க முடியாது, பல் மருத்துவரால் மட்டுமே முடியும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. லோ 1993-இல் ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும். ஈறு அழன்றிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கண்ணையும் காலையும் ஆண்டுக்கொரு முறை காட்டுபவர்கள் வாயையும் காட்ட வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். நோய் இல்லாததால் அல்ல, எச்சரிக்கை மறைந்துபோனதால்.

இன்று இரவு துலக்கும்போது துப்புவதில் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடாமல், மென்மையான பிரஷ்ஷால் ஈறுக்கோட்டை ஒட்டி இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்குங்கள். அதற்கு மேலும் ரத்தம் வந்தால் பேஸ்ட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.